தென்துருவத்திலும் தொட்டிக் கணக்குதான்



போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் சித்தப்பா மகன் கேட்டான்: "தென்துருவப் பனி உருகுதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுப் பயமுறுத்துறாங்க. எல்லாம் யூகம்தானேக்கா?" அங்கே விளக்க நேரமில்லை. இங்கே சொல்கிறேன்.

நான் நடத்திய தொட்டிக் கணக்கு நினைவிருக்கிறதா? ஒரு குழாய் நிரப்பும், இன்னொன்று காலி செய்யும். மேட்டூருக்கும் அதே கணக்குதான். நீர்வரத்து, திறப்பு, அணையில் மிச்சம் எத்தனை அடி. அதைப் பார்த்துத்தான் நாம் நாற்று விடுகிறோம்.

அண்டார்டிகாவில் நிலத்தின் மேல் கிலோமீட்டர் கணக்கில் தடித்துக் கிடக்கும் பனிப்பாளத்துக்கு வரவு, பெய்யும் பனி. 1983-84இல் இந்தியா அங்கே அமைத்த தட்சிண கங்கோத்ரி நிலையமே பனியில் புதைந்துபோனது. பிறகு பாறை நிலத்தில் மைத்ரியைக் கட்டினார்கள். செலவு, உருகுவதும் கடலில் உடைந்து விழுவதும். 2002 முதல் செயற்கைக்கோள்கள் ஈர்ப்பு விசையை அளந்து பனியை எடை போடுகின்றன. ஆண்டுக்கு கிரீன்லாந்து சுமார் 27,000 கோடி டன்னும், அண்டார்டிகா சுமார் 14,000 கோடி டன்னும் இழக்கின்றன. 36,000 கோடி டன் போனால் கடல் 1 மி.மீ. உயரும். வகுத்துப் பாருங்கள். இது யூகமல்ல, அளந்தது.

சந்தேகம் வருவது இனிமேல் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதில். பனிப்பாளம் தன் எடையாலேயே மெல்ல வழிந்து கடலை நோக்கி நகர்கிறது. 1950களில் கிளென் என்ற விஞ்ஞானி சோதித்துக் கண்டது: அழுத்தம் இரண்டு மடங்கானால், பனி நெளியும் வேகம் சுமார் எட்டு மடங்காகும். ஆரம்பத்தில் சிறு பிழை இருந்தாலும் விடை பெரிதாக மாறிவிடும். அதனால்தான் 2100க்கு ஒரே எண்ணைச் சொல்லாமல் 'இதிலிருந்து இதுவரை' என்கிறார்கள். அது நேர்மை, ஏமாற்று அல்ல.

வேதாரண்யம் பக்கம் என் நாத்தனார் வீட்டு போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. கடல்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சுவதும், கடைமடைக்கு ஆற்றுநீர் குறைவதும் போதும், உப்பு உள்ளே வர. ஆனால் கடலும் ஏறினால் அது இன்னும் உள்ளே வரும்.

மழை எவ்வளவு பெய்யும் என்று தெரியாது என்பதற்காக வாய்க்காலைத் தூர்வாராமல் இருப்போமா? கடைமடை ரெகுலேட்டர் ஷட்டரைச் சரிசெய்ய, வடிகாலைத் தூர்வார, உப்பைத் தாங்கும் நெல்லுக்கு மாற, கடைசி விடை வரும்வரை காத்திருக்க வேண்டாம். கேள்வி கேட்ட தம்பியும் கடலோரத்தில்தான் நிலம் வைத்திருக்கிறான்.

கணக்கில் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

உங்கள் கணக்கு டீச்சர்