பாடசாலை என்ன புதைகுழியா?

அண்மையில் எங்கள் பகுதியில் நடந்த இலக்கியச் சந்திப்பொன்றில் நண்பரொருவர் குருதத்தின் ‘காகஸ் கே பூல்’ திரைப்படம் பற்றி உரையாற்றினார். நன்றாகத்தான் பேசினார். ஆனால், “புகழின் உச்சியிலிருந்த சாந்தி ஒரு குக்கிராமப் பாடசாலையில் தன்னைப் புதைத்துக்கொள்கிறாள்” என்றார். சபையில் பாதிப்பேர் ஆசிரியர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கலாசாலைப் பயிற்சி முடித்த நாளிலிருந்து குக்கிராமத்திலேயே படிப்பிக்கும் நான் இங்காவது திறக்கிறேன்.

1959இல் வெளியான அப்படம் இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். வி.கே. மூர்த்தி கண்ணாடிகளால் சூரிய ஒளியைத் திருப்பி, இருண்ட ஸ்டூடியோவுக்குள் இறக்கிய அந்த ஒளிக்கற்றையை மறக்க முடியாது. அதில் எனக்குச் சண்டையில்லை. சண்டை கதையை வாசிக்கும் விதத்தில்.

இயக்குநர் சுரேஷ் சின்ஹா மனைவியைப் பிரிந்தவன். அவன் கண்டெடுத்த சாந்தி பெரிய நட்சத்திரமாகிறாள். ஊர் வாயில் இருவர் பெயரும் விழுகிறது. சின்ஹாவின் மகள் வந்து, தன் தகப்பனை விட்டுவிடும்படி கெஞ்சுகிறாள். ஒரு சிறுமியின் கண்ணீருக்காகச் சாந்தி எல்லாவற்றையும் உதறிவிட்டு ஆசிரியையாகிறாள். படத்தில் வேறொருவருக்காக எதையேனும் விட்டுக்கொடுப்பவர்கள் எத்தனை பேர்? சின்ஹா என்ன செய்கிறான்? மகளை வழக்கில் இழந்ததும் குடிக்கிறான். சாந்தியின் சிபாரிசில் மீண்டும் படம் இயக்க வாய்ப்பு வந்தபோது தன்மானம் என்று மறுக்கிறான். கடைசியில் ஆளில்லாத ஸ்டூடியோவில், இயக்குநர் நாற்காலியில் உயிரை விடுகிறான். அவனுக்காக உருகும் எம்மவர், அவளைப் ‘புதைந்தவள்’ என்கிறார்கள்!

இது குருதத்தின் சொந்தக் கதை, உலகம் அவரை நசுக்கிவிட்டது என்பது இன்னொரு பல்லவி. படம் தோற்றதும் அதன்பின் அவர் இயக்குநராகத் தன் பெயரைப் போடாததும் உண்மை. 1964இல் முப்பத்தொன்பது வயதில் மறைந்ததும் உண்மை. ஆனால் மறுவருடமே அவர் தயாரித்து நடித்த ‘சௌத்வீன் கா சாந்த்’ அமோக வெற்றி பெற்றதே, அதை ஏன் எவரும் சொல்வதில்லை? செங்கல்பட்டில் பிறந்து சாந்தியாக நடித்த வஹீதா ரஹ்மான் பல தசாப்தங்கள் தொடர்ந்து உழைத்தார். 2021ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதும் அவரைத் தேடி வந்தது. உழைத்து வாழ்ந்தவர்களைப் பற்றி எம் கூட்டங்களில் உருக்கமான உரை கிடையாது. அழிந்தவன்தான் கலைஞன் போலும்.

குருதத்திடமும் எனக்கொரு குறை உண்டு. சின்ஹாவின் வீழ்ச்சிக்கு அத்தனை நேரம் கொடுத்தவர், சாந்தியின் வகுப்பறையைச் சட்டென்று கடந்துவிடுகிறார். ஒப்பந்தத்தைக் காட்டி ஸ்டூடியோ அவளைத் திரும்ப இழுத்துவந்து நிறுத்துகிறது. என்னைக் கேட்டால், அவள் புதைக்கப்பட்டது அங்கேதான்.

நண்பர் மறுப்பு எழுதுவாராயின் அடுத்த இதழில் வாசிக்கக் காத்திருக்கிறேன்.