துடைக்காதீர்கள், பதிவேட்டைப் படியுங்கள்

உபுண்டு கணினியில் பைத்தன் 3-ஐ நீக்கினால், அதைச் சார்ந்த மேசைத்திரை மென்பொருள்களும் சேர்ந்தே போய்விடும். அடுத்த முறை கணினியைத் திறந்தால் கறுப்புத் திரைதான்.

என் மாணவர் ஒருவர் பதறிப்போய் வன்தட்டையே துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக நிறுவினார். அதுவரை பத்திரமாக இருந்த செயல்திட்டக் கோப்புகள் அப்போதுதான் அழிந்தன.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை வரும். எவை நீக்கப்பட்டன என்பது ‘ஏபிடி’ பதிவேட்டில் இருக்கும். இணையம் கிடைத்தால் அவற்றை மீண்டும் நிறுவிவிடலாம்.

நீக்குமுன் கணினி முழுப் பட்டியலையும் காட்டி அனுமதி கேட்கிறது. படிக்காமல் ‘ஆம்’ சொல்வது நாம்தான். கட்டளைகளைக் கற்பிக்கும் ஆசிரியர்களாகிய நாங்கள், பட்டியலையும் பதிவேட்டையும் வாசிக்கும் பழக்கத்தையே முதலில் கற்பிக்க வேண்டும்.