முளைவிட்ட விதை தரும் பொய்ச் சான்று

ராணிப்பேட்டைப் பக்கம் அண்மையில் நடந்த ஒரு விவசாயிகள் கூட்டத்தில், மேடையேறிய ஒருவர் ஈரத்துணியை அவிழ்த்து முளைகட்டிய பயறை உயர்த்திக் காட்டினார். "விதைக்கு உயிர் இருக்குதுங்க. ஒத்துக்காத விஷத்த அதுவே முறிச்சிடும். முளைச்சி வந்துட்டா மண்ணுல ஒரு கெடுதியும் இல்ல." கைதட்டல் எழுந்தது. வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலேயே, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது பதிவாகியிருக்கிறது. அந்த மண்ணில் நின்று இப்படிப் பேசுவது அறியாமை மட்டுமல்ல, ஆபத்து.

முதலில், அந்தப் பயறு குடிதண்ணீரில் ஊறியது. துணியில் கட்டிப் பார்ப்பது விதையின் தரத்தைச் சொல்லும். மண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஜப்பானின் தொயாமா மாகாணத்தில், ஜின்சூ ஆற்றங்கரை நெல்லும் முளைத்தது. கமியோகா சுரங்கக் கழிவின் காட்மியம் கலந்த ஆற்றுநீரில் நாற்று வளர்ந்தது, கதிர் விட்டது, சோறானது. அந்தச் சோற்றைத் தின்றவர்களில், பல பிள்ளை பெற்று நடுவயதைக் கடந்த பெண்களுக்குத்தான் பெரும் அடி. சிறுநீரகம் கெட்டது; எலும்பு இற்று, இருமினாலே முறிந்தது. சுரங்க மாசால் வந்த நோய் இது என்று 1968இல் அந்த அரசே ஒப்புக்கொண்டது. விதை விஷத்தை முறித்துவிடும் என்றால் ஜின்சூ நெல் ஏன் முறிக்கவில்லை?

விதைக்குத் தற்காப்பே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. நீரை உறிஞ்சி உயிர்த்தெழுந்ததும் அதன் சுவாசம் வேகமெடுக்கும், ஹைட்ரஜன் பெராக்சைடு சேரும். கேட்டலேஸ் நொதி அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும். குளூட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபெரேஸ் என்ற நொதிக் குடும்பம், களைக்கொல்லி போன்ற நச்சின்மேல் குளூட்டாதயோனை ஒட்டி அதைச் செயலிழக்க வைக்கும். மக்காச்சோளம் அட்ரசினைத் தாங்கி நிற்பது பெரிதும் இதனால்தான். ஆனால் அட்ரசின் ஒரு சேர்மம், காட்மியம் தனிமம். எந்த நொதியாலும் அதைச் சிதைக்க முடியாது. கட்டிப் பூட்டி வைக்கலாம், அவ்வளவுதான். பூட்டுவதற்கு வேண்டிய ஃபைட்டோகெலாட்டினையும் செல் அதே குளூட்டாதயோனிலிருந்துதான் செய்தாக வேண்டும். ஒரே கஜானாவில் இரண்டு செலவு. உலோகம் சொற்பமாக இருக்கும்போது இந்தத் தற்காப்பு நொதிகளின் வேகம் பல பயிர்களில் கூடும். அளவு மீறினால் உலோகம் புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு நொதிகளையே முடக்கும். அமைலேஸ் முடங்கினால் விதையின் மாவு சர்க்கரையாகாது, முளைக்குத் தீனி இல்லை.

இத்தனைக்கும் முளை வந்துவிடலாம். விதையுறை உலோகத்தைச் சில நாள் தடுத்து நிறுத்தும். காட்மியக் கரைசலில் நனைத்த வடிதாளில் பரப்பிய விதைகளை உற்றுப் பாருங்கள். முளை எட்டிப் பார்த்திருக்கும். வேர் குட்டையாக, நுனி பழுப்பேறி, பக்கவேரே இல்லாமல் நிற்கும். முளைப்புச் சதவீதம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போகிறவர் கண்ணில் அந்த வேர் படுவதில்லை.

"செடி உறிஞ்சி எடுத்துவிட்டால் நிலம் சுத்தம்தானே" என்பார்கள். உறிஞ்சியது எங்கே போயிற்று? வைக்கோலில், கீரையில், மாட்டின் வயிற்றில். ஜின்சூவில் 800 ஹெக்டேருக்கு மேற்பட்ட வயல்களில் மண்ணையே மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. அந்த வேலை 2012இல்தான் முடிந்தது. செடி விஷத்தைப் போக்கிவிடும் என்ற இதே நம்பிக்கையின் உடன்பிறப்புதான் கொத்தமல்லிச் சாறு குடித்தால் உடம்பிலுள்ள பாதரசம் இறங்கிவிடும் என்று காசு பறிக்கும் வியாபாரம். ரத்தத்தில் ஈயம் ஏறிய குழந்தைக்குத் தேவை மருத்துவர், சாறு அல்ல.

இப்படிப் பொய் நிம்மதி தருவதில் அரசும் சளைத்ததல்ல. 2015இல் வந்த மண்வள அட்டை 12 அளவுகளைத் தருகிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகம், போரான் எல்லாம் உண்டு. குரோமியம், காட்மியம், ஈயம் மூன்றும் இல்லை. பாலாற்றங்கரை விவசாயி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தன் நிலம் நலமாக இருக்கிறது என்று நம்பினால், அந்தத் தவறு அவருடையதல்ல.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் அடுத்த கிராம சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும். மண், கிணற்று நீர், அறுவடையான தானியம் மூன்றையும் இந்த உலோகங்களுக்காக அரசே தன் செலவில் சோதித்து, முடிவை ஊர்ச் சாவடியில் ஒட்ட வேண்டும்.