ஃபெண்டரை மடக்கும் முன்



நேற்று பழைய மாணவர் ஒருவர் தன் மகனின் ஸ்போர்ட்ஸ் காரில் அவிநாசி வரை என்னை அழைத்துப் போனார். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தி, அகல டயர் போட்ட வண்டி. ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் 'கர்ர்' என்று உரசல். "ஃபெண்டரை மடக்கி விட்டா சரியாயிடுங்க சார்" என்கிறான் பையன்.

ஆகாது என்பேன். முதலில், எப்போது உரசுகிறது? ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது முன்னால் உரசினால் டயர் அகலமோ வீல் ஆஃப்செட்டோ காரணம். பள்ளத்தில், ஆள் ஏறியதும் உரசினால் சஸ்பென்ஷன். ஒரு பக்கம் மட்டுமென்றால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், புஷ் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வண்டியை நிறுத்தி டயரின் பக்கச்சுவரைத் தடவிப் பாருங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் பாலியஸ்டர் நூல்தான். நம் ஊருக்குச் சொல்லவா வேண்டும்! நூல் வெளியே தெரிந்தால் அந்த டயரில் ஓட்டாதீர்கள்.

பதினொன்றாம் வகுப்பில் நடத்தியதுதான்: ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டினால் விறைப்பு இரண்டு மடங்கு. அமுங்க இடமும் குறையும். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் தாழ்ந்த வண்டி ஓடுகிறதே என்கிறான். அங்கே வேகத்தடையா இருக்கிறது?

பழைய அளவு ஸ்பிரிங் போடும்வரை நான் பஸ்ஸில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.