நீங்கள் எந்த முக்கிம்?



ஒரு சின்னக் கேள்வி. உங்கள் வீடு எந்த முக்கிமில் இருக்கிறது? தாமான் பெயரைக் கேட்டால் சொல்வோம். பக்கத்துப் பட்டணத்தைக் கேட்டாலும் சொல்வோம். முக்கிம் எது என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். நானும் அப்படி விழித்தவன்தான், என் பெரியப்பாவின் அடையாள அட்டையைக் கையில் வாங்கிப் பார்க்கும் வரை.

அதில் இருந்தது அவர் பால்மரம் வெட்டிய தோட்டத்தின் முகவரி. அந்தத் தோட்டத்தில் இன்று மரமும் இல்லை, லயமும் இல்லை. வரிசை வரிசையாக மாடி வீடுகள் எழும்பிவிட்டன. பெரியப்பாவோ வேறொரு மாவட்டத்தில் மலிவுவிலை அடுக்குமாடியில் இருக்கிறார். அவர் இருக்கிற இடத்தில் அவருக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இருக்கிற இடத்தில் அவர் இல்லை!

இது அவர் ஒருவரின் கதையா? யோசித்துப் பாருங்கள்.

கோல சிலாங்கூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் 9 முக்கிம்கள். ஈஜோக், ஜெராம், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் சொன்ன பெஸ்தாரி ஜெயா எல்லாம் அதில்தான். ஒரு காலத்தில் ரப்பர், பிறகு செம்பனை என்று தோட்டங்கள் நிறைந்த வட்டாரம். 2020 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 2 லட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பத்து வருடத்துக்கு முன் 2 லட்சத்துக்குச் சற்று மேல்தான். புஞ்சாக் ஆலம் போன்ற புதிய நகரங்கள் வளர்ந்தன. மாவட்ட மன்றமாக இருந்தது 2021இல் நகராண்மைக் கழகமாகவும் உயர்ந்தது. மாவட்டம் வளர்கிறது. அந்த வளர்ச்சியில் நாம் எங்கே?

2007 ஏப்ரல் 28இல் நடந்த ஈஜோக் இடைத்தேர்தல் நினைவிருக்கிறதா? வாக்காளரில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நம்மவர்கள். அதனால்தான் கட்சிகள் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கின. நாம் கூட்டமாக ஓரிடத்தில் இருந்தோம், ஆகவே அவர்கள் கண்ணில் பட்டோம். தோட்டம் விற்கப்பட்டு நாலு திசைக்கும் சிதறினால், எந்தத் தொகுதியிலும் கண்ணில் படாத சிறு கூட்டமாகிவிடுகிறோம்.

நாடு முழுவதும் நம் விகிதம் 2010இல் நூற்றுக்கு 7.3, 2020இல் 6.7. விகிதம் குறையும் சமுதாயம் இருக்கிற எண்ணிக்கையையும் சிதறவிடலாமா?

நமக்கு ஏன் மாவட்ட நிர்வாகம் பழக்கமில்லாமல் போனது? மலாய் கம்பத்துக்குக் கிராமத் தலைவர் இருந்தார். சீனர் புதுக்கிராமத்துக்குச் செயற்குழு இருந்தது. நமக்கோ தோட்டத்து மானேஜர்தான் எல்லாம். தண்ணீர், விளக்கு, கோயில் நிலம், பள்ளி நிலம் எல்லாமே துரை பார்த்துக் கொடுத்தது. கிராணியையும் கங்காணியையும் தாண்டி நாம் எந்தக் கதவையும் தட்டியதில்லை. தோட்டம் மூடியதும் ஒரே நாளில் மாவட்டத்துக்குள் வந்து விழுந்தோம், வழி தெரியாமல்!

இன்றைக்கும் கோயில் நிலப் பிரச்சினையை நகராண்மைக் கழகத்தில் போய்ச் சொல்கிறோம். அடைத்த சாக்கடைக்குச் சட்டமன்ற உறுப்பினரைத் தேடுகிறோம். அங்கும் இங்கும் அலைய வைத்தார்கள் என்று பிறகு புலம்புகிறோம்.

தெரிந்துகொள்ளுங்கள். நிலம், கோயில் மனை, இடுகாடு என்றால் மாவட்ட நில அலுவலகம். அதற்குத் தலைவர் மாவட்ட அதிகாரி. முக்கிம் அளவில் அவருக்குக் கீழே பெங்ஹுலு. குப்பை, சாக்கடை, தெருவிளக்கு, கடை லைசென்ஸ் என்றால் நகராண்மைக் கழகம். அதன் உறுப்பினர்களை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. உள்ளாட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. 1976 சட்டப்படி 8 முதல் 24 உறுப்பினர்களை மாநில அரசாங்கமே நியமிக்கிறது. உங்கள் பகுதிக்கு யார் உறுப்பினர் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. இன்னும் தோட்ட வீட்டிலேயே குடியிருக்கும் தொழிலாளர்களுக்கோ, 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டப்படி தண்ணீரும் வசதியும் தர வேண்டியவர் முதலாளி.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: இன்றிரவு வீட்டில் உள்ள அத்தனை அடையாள அட்டைகளையும் மேசையில் வையுங்கள். முகவரி பழையதென்றால் தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் மாற்றுங்கள். வீடு மாறினால் 30 நாளுக்குள் மாற்ற வேண்டும் என்பது சட்டம்.

இரண்டு: முகவரியை மாற்றியதோடு ஓட்டும் தானாக மாறிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பித்து, பெயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 2021 டிசம்பர் முதல் 18 வயதான பிள்ளைகள் தாமாகவே வாக்காளராகிறார்கள். அடையாள அட்டையில் உள்ள முகவரிதான் அவர்கள் தொகுதியைத் தீர்மானிக்கிறது. அவர்கள் அட்டையில் தாத்தாவின் தோட்டம் இருந்தால் என்ன ஆகும்?

மூன்று: அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆள் வந்தால், கடன்காரன் வந்ததுபோல் கதவைச் சாத்தாதீர்கள். கணக்கில் வராத குடும்பத்துக்காக யாரும் பள்ளியோ கிளினிக்கோ திட்டமிட மாட்டார்கள்.

பெரியப்பாவை நான் பதிவிலாகாவுக்கு அழைத்துப் போனேன். புது முகவரியோடு அட்டை கைக்கு வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: “அப்ப இனிமே நான் இந்த ஊர்க்காரனா?”

ஆமாம் பெரியப்பா. இருபது வருடம் தாமதம், அவ்வளவுதான். உங்கள் வீட்டுப் பெரியவரை எப்போது அழைத்துப் போகப் போகிறீர்கள்?