புடவை ஒண்ணு, கூலி ஒண்ணு, ஆளு மூணு

பட்ஜெட் வந்தா நம்ம டிவிக்காரங்களுக்கு முதல் கேள்வி வரி எவ்வளவுங்கறது இல்ல மக்களே, நிதியமைச்சர் என்ன புடவை கட்டியிருக்காங்கங்கறதுதான். 2025-ல் நிர்மலா சீதாராமன் கட்டினது மதுபனி ஓவியம் வரைஞ்ச புடவை, பத்மஸ்ரீ துலாரி தேவி கொடுத்தது. ஓவியர் பேரைச் சொன்னாங்க, சந்தோசம். நெய்தது யாருன்னு நான் பார்த்த சேனல் எதுவும் கேக்கல.

எனக்கு ஏன் எரியுதுன்னா, நான் ஆரணிக்காரன். வீட்டுக்குள்ளயே குழித்தறி. 2023-ல் நெசவாளர்களுக்கு இலவச மின்சாரத்தை ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட்டா ஏத்தினாங்க, நல்ல விசயம். அந்த இலவசக் கரண்டுல ஓடற டிவியிலதான் எங்க பாரம்பரியத்தைப் பத்தி எங்களுக்கே பாடம் எடுக்கறாங்க!

எங்க வீட்டுல நெய்யறது நான்தான்னு ஊரே சொல்லுது. அநியாயம். தார் சுத்தறது தங்கமணி. இழை அறுந்தா, சிக்கு விழுந்தா பிரிக்கறது அம்மா. புதுப் பாவு வந்தா ஆயிரக்கணக்கான இழையை ஒண்ணொண்ணா பிணைக்கணும். கோர்வைப் புடவைன்னா கரைக்குத் தனி நாடா, பக்கத்துல இன்னொரு ஆளு உக்காந்தே ஆகணும். இத்தனையும் குக்கர் விசிலுக்கு நடுவுல. தங்கமணி மட்டும் ரெண்டு நாள் ஊருக்குப் போனா என் தறி ஊமையாயிடும்.

ஆனா கூலி? புடவைக்கு ஒண்ணு. வாங்கறவர் ஒருத்தர். சீட்டுல பேரும் ஒண்ணு.

ஆளுங்க இருக்கறது அரசாங்கத்துக்குத் தெரியாதான்னா, நல்லாத் தெரியும். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்புப்படி நாடு முழுக்க கைத்தறியில 35 லட்சம் பேர். அதுல 25 லட்சத்துக்கும் மேல பெண்கள். தார் சுத்தற மாதிரி துணை வேலைக்காரங்க மட்டும் 8 லட்சத்துக்கு மேல. அதே கணக்குல, நெசவாளர் குடும்பங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மாச வருமானம் 5000 ரூபாய்க்கும் கீழ. பட்டுல கொஞ்சம் கூடவே வரும், ஒத்துக்கறேன். வர்றதை மூணு பேருக்குப் பிரிச்சுப் பாருங்க, அப்பத் தெரியும் பவிசு.

"குடும்பத் தொழில்தானே, வீட்டாளுக்கு எதுக்குக் கூலி?"ன்னு சில பெரியவங்க கேப்பாங்க. ஐயா, உங்க கடையில மச்சான் கல்லாவுல உக்காந்தா சம்பளம் குடுக்கறீங்களா இல்லையா?

அடுத்தது, "கூலியை ஏத்தினா புடவை விலை ஏறிடும்." ஆஹா! காலையில தங்கம் விலைச் செய்தி வந்ததும் தங்கமணி முகம் வாடறது நகைக்காக இல்ல. வெள்ளி இழையில தங்கமுலாம் பூசினதுதான் அசல் ஜரிகை. வெள்ளியும் தங்கமும் ஏறினா ஜரிகை ஏறும், புடவை விலையும் ஏறும். அதை யாரும் தப்புன்னு சொல்றதில்ல. தங்கத்துக்கு ஏறலாம், தங்கமணிக்கு ஏறக்கூடாதாக்கும்?

ஆகஸ்ட் 7 கைத்தறி தினம். 2015-ல் முதல் கொண்டாட்டமே நம்ம சென்னையிலதான் நடந்தது. அன்னிக்கு வாட்ஸப் பூரா ராட்டையும் வாழ்த்தும். வாழ்த்தெல்லாம் நீங்களே வெச்சுக்கங்க சாமி. கூலிச் சீட்டுல மூணு வரி போடுங்க: நெசவு இவ்வளவு, தார் இவ்வளவு, பிணைப்பு இவ்வளவு. செஞ்சவங்க பேரை எதிர்ல எழுதுங்க, பணத்தை அவங்க கையில குடுங்க. சங்கமா இருந்தாலும் சரி, தனி முதலாளியா இருந்தாலும் சரி. புதுச் சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், ஒரு பேனா போதும்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு தங்கமணி கேட்டது ஒரே கேள்வி. "அவங்க போடறப்ப போடட்டும். போன புடவைக்கு என் பங்கு எங்க?" எஸ்கேப்பு :-)