ஆபரேஷனோடு வைத்தியம் முடிந்ததா?

பெருங்குடலில் புற்றுநோய் கண்ட தொழிலாளிக்கு ஆபரேஷன் ஆகிறது. கட்டியை எடுத்துவிடுகிறார்கள். புண் ஆறியதும் வேலைக்குத் திரும்புகிறார். வைத்தியம் முடிந்ததா? இல்லை. மிஞ்சிய நோய் ஈரலிலோ நுரையீரலிலோ மீண்டும் தலைதூக்கலாம். பெரும்பாலும் முதல் மூன்று வருஷங்களிலேயே தலைதூக்குகிறது. வலி தெரிந்தபின் ஓடினால், பல சமயம் காலம் கடந்துவிடுகிறது.

முன்கூட்டி அறிய ஒரு வழி உண்டு. 1965-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன் என்ற விஞ்ஞானிகள் குடல் புற்றுக்கட்டியில் ஒரு புரதத்தைக் கண்டார்கள். கருவிலுள்ள சிசுவின் குடலில் அது உண்டு. வளர்ந்தவரின் ரத்தத்தில் மிகச் சொற்பம். சி.இ.ஏ. என்று அதற்குப் பெயர். மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமுக்குள் இருப்பது சகஜம். ஆபரேஷனுக்குப் பின் இறங்கிய அளவு மறுபடியும் ஏறினால், அது எச்சரிக்கை மணி.

மணி தீர்ப்பாகாது. புகை பிடிப்பவருக்கும் ஈரல் நோயாளிக்கும்கூட இது ஏறலாம். மணி அடிக்காததாலேயே ஆபத்தில்லை என்றும் சொல்வதற்கில்லை. சில கட்டிகள் இப்புரதத்தை அதிகம் சுரப்பதில்லை. 2015-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 5 என்பதை எல்லையாக வைத்தால், நோய் திரும்பிய 100 பேரில் சுமார் 71 பேரைத்தான் சோதனை காட்டிக்கொடுத்தது. ஆகவே ஸ்கேனும் டாக்டரின் கவனிப்பும் அவசியம்.

இங்கிலாந்தில் 39 ஆஸ்பத்திரிகளில் 1,202 பேரைக் கவனித்து, 2014-ல் முடிவு வெளியிட்டார்கள். நோய் திரும்பியதும் குணமாக்கும் நோக்கோடு மறு சிகிச்சை செய்ய முடிந்தவர்கள், குறைந்த கவனிப்புப் பிரிவில் 100-க்கு 2.3, ரத்தச் சோதனைப் பிரிவில் 6.7. ஆயுள் நீண்டது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆயினும் இரண்டாவது வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காயிற்று.

இந்த வாய்ப்பு யாருக்கு? முதல் இரண்டு வருஷம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை, ஆக 5 வருஷம் சோதிக்க வேண்டும். சம்பளத்தோடு லீவு உள்ளவர் போய்விடுவார். தினக்கூலிக்காரருக்கோ சோதனை நாள் என்றால் அடுப்பு எரியாத நாள். உடம்பு நன்றாயிருக்கும்போது கூலியை இழந்து யார் போவார்?

நாம் கேட்பது சலுகையல்ல. ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரியே சோதனைத் தேதிகளை அட்டையில் எழுதித் தரட்டும்; ஒவ்வொரு முறையும் வந்த அளவையும் அதில் குறிக்கட்டும். சோதனை இலவசமாகட்டும். அன்றைய கூலி வெட்டப்படாதிருக்கட்டும். பாதியில் நின்ற வைத்தியம் வைத்தியமாகாது.

தோழர்களே! வலியில்லை என்று தேதியைத் தவறவிடாதீர்கள். சோதனையின் பயனே வலி வருவதற்கு முன்னால்தான்.